நெனப்பு

லைட் ஸ்ட்ரீட் நீதிமன்றத்தில்
மூன்றாவது முறையாகக் கூண்டேறுகிறார் அஞ்சலைதேவி.
டத்தோ கிராமாட் சாலை முனையில்
மோட்டார் சைக்கிளை லாரி இடித்தது.
பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

முதல் தவணையில்
"ஒரு லாரி வந்துச்சுங்க, இடிச்சிருச்சு."
அவ்வளவுதான். மலாயில் சொன்னேன். ஒத்திவைத்தார்கள்.
அடுத்த வருஷம் லாரிக்கு நிறம் வந்திருந்தது, பச்சை.
கொஞ்சம் தூறலும்.
இன்று மழை வலுத்துவிட்டது.
டிரைவர் திரும்பி இவரைப் பார்த்திருக்கிறான்,
இவர் பெங்காலி ரொட்டி வாங்கிய பையைத்
தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றாராம்.

பொய் சொல்பவர்களை எனக்குத் தெரியும்.
இருபத்தாறு வருஷம் அவர்கள் வாயருகே நின்றிருக்கிறேன்.
பொய்க்கு ஓர் அவசரம் உண்டு.
இவர் கண்ணை மூடித் தேடுகிறார்,
கைப்பையின் அடியில் பஸ் சில்லறை துழாவுவதுபோல.
அகப்படுவதெல்லாம் இவருடையதுதான்.
எப்போது உள்ளே விழுந்ததென்றுதான் தெரியவில்லை.

"பச்சைன்னுதாங்க நெனப்பு" என்கிறார்.
'இங்ஙாட்' என்கிறேன்.
வக்கீல் எழுந்துவிட்டார்:
ஞாபகமா, அனுமானமா, சாட்சி எதைச் சொல்கிறார்?
மாஜிஸ்திரேட் என்னைப் பார்க்கிறார்.
அங்கேயும் ஒரே சொல். இங்கேயும் ஒரே சொல்.
இரண்டு பாஷைக்காரர்களும் பிரிக்காமல் விட்டதை
நான் எந்த ஊரில் போய்க் கேட்பேன்?

இரண்டரை மணிக்குத் தள்ளிவைத்தார்கள்.

பாடாங் கோத்தா கடற்சுவரில் உட்கார்ந்து
மீ கோரெங் பொட்டலத்தைப் பிரிக்கும்போது
துர்காஷினி பெர்த்துக்குப் புறப்பட்ட நாள் வந்தது.
பாயான் லெப்பாஸ். நல்ல மழை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனவள்
திரும்பி என்னைப் பார்த்தாள்.
நான் கையசைக்கிறேன், இன்னொரு கையால்
தலைமேல் பிடித்திருக்கிறேன்

ரொட்டிப் பையை.

முள்கரண்டியை வைத்துவிட்டு அவளை அழைத்தேன்.
வேலையில் இருந்தாள்.
"மழையா? வேர்த்து ஊத்துச்சுப்பா அன்னிக்கு.
பார்க்கிங் டிக்கெட் எங்கயோ போட்டுட்டீங்கன்னு
தேடப் போயிட்டீங்க.
நா உள்ள போறப்ப நீங்க அங்க இல்ல.
சாப்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றேன்.
வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தது.
படகொன்று, என்ன நிறமென்று பார்க்காமலே எழுந்தேன்.

இரண்டரைக்கு அஞ்சலைதேவி மறுபடி ஏறினார்.
என் சட்டைத் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்,
காய்ந்துதான் இருந்தது.
"நெனப்புதாங்க" என்றார்.
"இங்ஙாட்" என்றேன்,
காலையைவிடச் சத்தமாக.