நான்கு எண்ணும் வரை

சுப்பீரியர் ஏரிக்கரையில் டயர் கடையாக இருந்த இடம்.
ஹீட்டர் சூடேறினால் இன்னும் ரப்பர் வாசனை எழும்பும்,
எங்கள் எல்லாக் காதல் காட்சிகளிலும் அது மூன்றாம் ஆள்.
நாற்காலிகள் நாற்பத்தொன்று,
மூடிப்போன சவ அடக்க நிலையமொன்றின் ஏலத்தில் எடுத்தவை.
முதுகில் அந்தப் பெயர் முழுதாக அழியவில்லை.
சிரிக்க வருகிறவர்கள் அதில்தான் சாய்ந்து சிரிக்கிறார்கள்.

நான் விளக்கு.
அதாவது, ஏணியின் ஏழாம் படியில்
பழைய டிம்மர் பெட்டியோடு குந்தியிருப்பவன்.
பகலில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறேன்.

முந்தைய வருடம் தேனீக்களின் விவாகரத்தைப் போட்டோம்.
வசனமே கிடையாது, முழுக்க ரீங்காரம்.
அதற்கும் முன்னால்
கடவுளைப் பேருந்துப் பரிசோதகராக்கி
சீட்டில்லாத அப்போஸ்தலர்களை நடுவழியில் இறக்கிவிட்டோம்.
லூத்தரன் சபையிலிருந்து கடிதம் வந்தது.
பிரிட்டா அதற்கு மெட்டுப் போட்டு இடைவேளையில் பாடவைத்தாள்.
எழுதியவரே வந்து கேட்டுவிட்டு
மூன்றாம் அடியில் தாளம் இடிக்கிறது என்றார்.

இந்தக் குளிர்காலம் காகித ஆலை.
ஆலையேதான் கதாநாயகி.
பல் மருத்துவமனையில் அழுக்குச் சுரண்டும் லவெர்ன்:
தகரப் பாவாடை, தலையில் புகைபோக்கி,
தொண்டைக்குள் ஒரு சங்கு.
நூற்றுப் பன்னிரண்டு பேர் வேலை போனதை
டேங்கோ ஆடிக் காட்ட உங்களுக்கென்ன திமிர் என்று
மளிகைக் கடை வரிசையில் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள்.
என்னிடம் பதில் இல்லை. இரண்டு டிக்கெட் நீட்டினேன்.
வாங்கவில்லை.

கடைசியில் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும்.
லவெர்ன் முன்னால் வந்து கேட்பாள்:
"காலை ஷிப்ட் பனியில் வந்து நிற்க
என் வாசலைப் பூட்டியது யார்?"
இதற்கு வசனம் எழுதப்படவில்லை.
நான் மனசுக்குள் நான்கு எண்ணி விளக்கை அணைப்பேன்.
இருட்டு. கைதட்டல்.
ஒன்பது இரவுகள் அப்படித்தான்.

பத்தாம் இரவு வெளியே மைனஸ் இருபத்தாறு.
நாங்கள் பதினான்கு பேர், எதிரே பதினொன்று.
ஆட்டம் வேண்டாமென்று பியானோக்கார ஆர்வோ கை தூக்கினான்,
வேறு கை எழவில்லை.

மூன்று எண்ணியிருந்தேன்.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார்.
"நான்தான்."
கொஞ்சம் பொறுத்து,
"ராத்திரி ரெண்டு மணி. போன்ல சொன்னாங்க.
பூட்டு உறைஞ்சு கெடந்துச்சு.
ஃபிளாஸ்க் காப்பிய ஊத்தித்தான் சாவியத் திருப்புனேன்."

நான்கு என்ற எண் எனக்கு மறந்துபோயிற்று.
ஆர்வோவின் விரல்கள் கட்டைகளுக்கு மேலே காற்றில்.
தீ, மாரடைப்பு, குடிகாரன், எல்லாவற்றுக்கும்
பிரிட்டா ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.
இதற்கு இல்லை.

ஆலை
தகரம் கிரீச்சிட மேடை விளிம்பில் உட்கார்ந்தது.
"அப்புறம்?" என்றாள் லவெர்ன்,
வலிக்கிற பல்லைக் காட்டச் சொல்லும் குரலில்.

"வண்டியிலேயே இருந்தேன், விடியற மட்டும்.
மொத ஆளா வந்தது என் மச்சான்.
கதவ இழுத்துப் பாத்தான்.
ரெண்டு தடவ."

யாரும் கைதட்டவில்லை.
அவரே ஒருவழியாகக் கையுறை மாட்டிக்கொண்டு
வாசலுக்குப் போய்த் தள்ளினார்.
பனியில் கதவு இறுகியிருந்தது.
ஆர்வோ ஓடிப்போய்த் தோள் கொடுத்தான்.

மறுநாள் பிரிட்டா ஒரு வரியும் மாற்றவில்லை.
என்னிடம் மட்டும் சொன்னாள், நாலில் அணைக்காதே.
எத்தனை வரை என்றேன்.
தோளைக் குலுக்கிவிட்டு
கிழிந்த தகரத்தை வளைக்கப் போனாள்.

நேற்று முப்பத்தேழு வரை போயிருந்தேன்.
பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது,
யாரோ எழப்போவதுபோல்.
எழவில்லை.
முப்பத்தெட்டு.