மூன்றாவது அளவு

அக்டோபர். சுவோனென்யோக்கியில் மழை
பனியாகலாமா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.
ஹில்க்கா பைன் நாற்றின் தண்டில்
ஒன்றரை சென்டிமீட்டர் வெட்டி
இரு நுனியிலும் ஜெல் தடவி
வெள்ளிக் கம்பிகளுக்கிடையே கிடத்துகிறாள்.
நான் பெயர்ச்சீட்டு ஒட்டுகிறவன்.

மெதுவான மின்சாரம் கூச்சமுள்ளது.
செல்லுக்குள் நுழையாது,
மதிலோரமாகவே நடந்து போய்விடும்.
அதிர்வெண்ணை ஏற்ற ஏற்ற
அதற்குச் சுவரும் ஒன்றுதான் வாசலும் ஒன்றுதான்.
இரண்டு பயணத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தில்
உறைகுளிரைத் தாங்குமா என்பது
எழுதியிருக்கிறதாம்.

முதல் அளவு நாலாயிரத்து நூற்றுப்பத்து.
எடுத்து மறுபடி வைத்தால் மூவாயிரத்து எழுநூறு.
மூன்றாவதை அவள் எழுதவில்லை.
காப்பி குடிக்கப் போய்விட்டாள்.

ஜெல் காய்ந்ததா, பக்கவாட்டில் வழிந்ததா?
ரெய்யோ மாதிரிகளைக் கோட்டுப் பையில் கொண்டுவந்தானே,
அந்த விலாச்சூடா?
இல்லை, வெட்டுப்பட்ட தண்டு
நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே
தன் காயத்தை மூடத் தொடங்கிவிட்டதா?

பதினொரு மணிக்கு ஔலிஸ் அழைத்தார்.
இரண்டு லட்சம் நாற்று.
குளிர்க்கிடங்கில் ஏற்ற லாரி சொல்லியாயிற்று.
"ஏதாவது ஒரு எண் சொல்லுங்கள், போதும்."

கருவிமேல் சந்தேகம்.
ரெய்யோ ஒரு துண்டைக் கொதிநீரில் போட்டு
ஐந்து நிமிடம் கழித்து எடுத்தான்.
இருநூற்று ஆறு.
இருநூற்று ஆறு.
கழற்றி மாட்டி, ஜெல்லை மாற்றி,
இருநூற்று ஏழு.
எந்த அதிர்வெண்ணிலும் திரையில் அதே படுத்த கோடு.

கருவியில் பழுதில்லை.
செத்தது சொன்ன சொல் தவறாது,
அவ்வளவுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் ஓம் என்று குறிப்பது வழக்கம்.
என் மொழியின் ஒரு கரையில் அதற்கு ஆம் என்று பொருள்.
ஹில்க்காவுக்கு அது
காலை அகட்டி நிற்கிற ஒரு கிரேக்க எழுத்து.
அவள் எதற்கும் சுலபத்தில் ஆம் சொல்கிறவளும் அல்ல.

மதியத்துக்குப் பிறகு நாற்பது தண்டுகள்.
எல்லாம் ஐஸ் பெட்டியில்,
எல்லாம் வெட்டிய நாலாவது நிமிடத்தில்,
கையுறையோடு.
சிதறல் குறைந்தது. போகவில்லை.

மாலையில் அவளே ஔலிஸை அழைத்தாள்.
"செவ்வாய் வரை பொறுங்கள்."
"நிச்சயமாகவா?"
சற்று நேரம் கம்பியில் இரைச்சல் மட்டும்.
"இல்லை. ஆனாலும் பொறுங்கள்."

பிறகு காலைநேரத்துப் பக்கத்தைத் திருப்பி
விட்டிருந்த மூன்றாவது வரியில்
பேனாவால் எழுதினாள்: ஐயாயிரத்து இருபது.
எதிரில் காரணம் கேட்கும் கட்டம்.
அதைக் காலியாகவே விட்டாள்.

ரெய்யோ வெளியே போய்
கோட்டுப் பையைத் திருப்பி உதறினான்.
இரண்டு பைன் ஊசிகள், கொஞ்சம் மண்.