முடிவுகள் எதுவும் இல்லை

சோஹார் கடல்நீர் ஆலையில்
எனக்குத் தாள் இல்லாத தாள்வேலை.
பம்பு, வால்வு, நடைமுறை எல்லாவற்றுக்கும்
விக்கியில் ஒரு பக்கம், பக்கத்துக்கொரு பெயர்.
பெயரைச் சதுர அடைப்புக்குள் இரண்டு முறை பூட்டினால்
அது கதவு.

பக்கம் இருந்தால் நீலம்.
இன்னும் எழுதவில்லை என்றால் சிவப்பு.
சிவப்பைத் திறந்தால் வெறும் வெள்ளை,
'நீங்களே தொடங்கலாம்' என்று ஒரு வரி.
யாரும் தொடங்குவதில்லை.
வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடிக்கிறது.

முகப்பில் ஒரு தேடுபெட்டி வைத்தேன்,
விரல் தடித்தவர்களுக்காக அகலமாக.
உள்ளே சாம்பல் நிறத்தில்: 'பம்பு எண்ணை இடவும்'.
ஒருவரும் எண் இடவில்லை.

காலையில் நான் முதலில் படிப்பது
கிடைக்காதவற்றின் பட்டியல்.
"லீவு பாக்கி".
"அழுமூஞ்சி": அது நாலாம் உப்புநீர் பம்பு,
சீல் கசிகிறதென்று ராயப்பு வைத்த பெயர்.
"ரோந்தூ": அக்தர் குல் வைத்தது.
அதே பம்பு, அதே அழுகை, உருதுவில்.
இரண்டுக்கும் வழிமாற்று போட்டேன்.
"பகலில் தூங்குவது எப்படி".
அதற்கு எங்களிடம் பக்கம் இல்லை.

ஆகஸ்டில் ஒரு புதன்.
குளோரின் அறைக் கணினி, ஆங்கில எழுத்தில் தமிழ்:
03:10 கண் எரியுது
03:10 கன் எரிது
03:11 தண்ணி எவ்ளோ நேரம்
மூன்றுக்கும் பூஜ்யம்.

பக்கம் இருந்தது.
நான்தான் எழுதினேன், படத்தோடு,
மூன்று பேர் கையொப்பத்தோடு.
தலைப்பு: 'வேதிப்பொருள் வெளிப்பாட்டுக்கான
முதலுதவி நடைமுறை, திருத்தம் ஆறு'.
எரிகிற கண்ணோடு ஒருவன்
இதைப் பிசகாமல் அடிப்பான் என்று
நம்பியிருக்கிறேன்.

நான் படித்தபோது மணி ஏழரை.
அதற்குள் அக்தர் குல்,
ஆயுளில் எதையும் தேடுபெட்டியில் தேடாதவர்,
ராயப்புவின் பிடரியைப் பிடித்துக் குழாயடியில் அமுக்கி
இருபது நிமிடம் விடவே இல்லையாம்,
திட்டிக்கொண்டே.

அன்று முழுக்க வழிமாற்று எழுதினேன்.
கண் எரியுது, கன் எரிது, கண்ணு போச்சு,
ஆங்க் ஜல் ரஹி, கண்ணு நீறுன்னு.
எழுத்து விட்டவை, எழுத்து இரட்டித்தவை,
கை நடுங்கினால் பக்கத்து விசையில் விழக்கூடியவை.
நாற்பத்தோரு பெயர்,
உள்ளே ஒரே வரி, ஒரே அம்புக்குறி.

தணிக்கைக்கு வந்தவர் கேட்டார்:
இத்தனை காலிப் பக்கங்கள் எதற்கு?
எழுத்துப்பிழை வேறு. நீக்கிவிடுங்கள்.
காலி இல்லை சார், என்றேன்.
அவர் போனதும் நாற்பத்தொன்றையும்
யாரும் அழிக்க முடியாதபடி பூட்டினேன்.
மதியச் சாப்பாடு ஆறிப்போயிருந்தது.

அக்டோபர் பட்டியலில், 03:12,
அதே கணினி:
"கண் சரியாயிடுச்சு மேடம்".

முடிவுகள் எதுவும் இல்லை என்று
பெட்டி அவனுக்குச் சொல்லியிருக்கும்.
அதற்கு மட்டும்
நான் வழிமாற்று போடவில்லை.