மாவுக்கட்டு

முழங்காலிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு.
ஸ்டான்லியில் போட்டது. இன்னும் இருபத்து மூன்று நாள்.
அதன்மேல் பெனிட்டா ஸ்கெட்ச்சில் வரைந்த
மீன், கப்பல், கணக்கு மிஸ்ஸின் மூக்கு.

காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து
சகாயம் மைதாவைக் குவித்தான்.
நடுவில் குழி பறித்து
மூன்று முட்டை உடைத்து ஊற்றினான்.
வீடியோவில் அந்த ஆளுக்குக் கரை நின்றது.
இவனுக்கு ஒரு பக்கம் உடைந்து
மஞ்சள் போனை நோக்கி ஓடியது.
"புடி புடி" என்று கத்தினான்.
நான் பிடிக்கவில்லை.
என் இடுப்பில் குடம்.

ஐம்பத்தாறு படி.
அவன் விழும்வரை நான் அவற்றை எண்ணியதில்லை.
லாரி வந்தால் தோளில் ஒன்று, கையில் ஒன்று,
யாரிடமாவது பேசிக்கொண்டே ஏறி வருவான்.
இப்போது நான்.
ஒவ்வொரு குடமாக,
இரண்டாம் மாடி மிதியடியில் இறக்கி வைத்து
மூச்சு வாங்கி.

அவனுக்கு நாலு லிட்டர் வேண்டுமாம்.
குடிக்க இல்லை. கொதிக்க.
கொதித்தபின் வடித்துக் கொட்ட.

"பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ விக்கிறான்,
வாழைத்தண்டு சூப்போட" என்றேன்.
"அது கடையில செஞ்சது" என்றான்
கடைவரை நடக்க முடியாதவன்.

பிசைந்தான்.
உள்ளங்கையின் அடியால் தள்ளி, மடக்கி, தள்ளி.
கன்டெய்னருக்குக் கம்பி முறுக்கிய கை
மூன்று வாரமாக ரிமோட்டை மட்டும் பிடித்திருந்தது.
காது மடல்போல வரவேண்டுமாம் மாவு.
பெனிட்டா அவன் காதைத் தொட்டாள், மாவைத் தொட்டாள்,
என் காதையும் தொட்டுப் பார்த்துவிட்டு
"இன்னும் கொஞ்சம்" என்றாள்.

ஈரத்துணி மூடி அரை மணி.
அதற்குள் நஷ்டஈட்டு விஷயமாக
ஏஜென்ட்டுக்கு ஐந்து முறை போன் போட்டான்.
எடுக்கவில்லை.
துணியைத் தூக்கிப் பார்த்தான். மூடினான்.
ஆறாவது முறை.

சப்பாத்திக் கட்டை போதவில்லை.
கேரம்போர்டைக் கவிழ்த்து
காலி ரோஸ்மில்க் பாட்டிலால் தேய்த்தான்.
தேய்க்கத் தேய்க்கப் பலகையைத் தாண்டி வழிந்தது.
மறுபக்கம் தெரிந்தால்தான் பதமாம்.
இரு கையால் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தான்,
டாக்டர் அன்று எக்ஸ்ரேயைப் பிடித்தாரே, அப்படி.
நானும் குனிந்து பார்த்தேன்.
மாவுக்குள் மங்கலாக ஒரு நீளக் கழுத்து.
"அப்பா, உன் கிரேன்" என்றாள் பெனிட்டா.
அவன் மாவை இறக்கினான்.

அவள் ஸ்கேல் வைக்க, அவன் வெட்டினான்.
ஒரு சென்டிமீட்டரில் தொடங்கி
பசியில் ஒன்றரை, இரண்டு.
ஊன்றுகோல் இரண்டையும் நாற்காலிகளுக்குக் குறுக்கே போட்டு
வரிசையாகத் தொங்கவிட்டோம்.
சபீனா அக்கா எட்டிப் பார்த்து
"இன்னாடி, பாவாடை நாடாவா?" என்றாள்.
அந்த நேரம் பார்த்து அவனுக்கு பாத்ரூம் போகவேண்டும்.
ஊன்றுகோலை எடுக்க விடமாட்டான்.
என் தோளைப் பிடித்து நொண்டினான்.
எத்தனை குடம் இருப்பான் என்று
மனதுக்குள் கணக்குப் போட்டேன்.

இரண்டே நிமிடத்தில் வெந்துவிட்டது.
வாயில் போட்டால் சப்பென்று இருந்தது.
கடல்மாதிரி கரிக்கவேண்டிய தண்ணீரில்
காசிமேட்டுக்காரன் உப்புப் போட மறந்திருந்தான்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்
நெத்திலிக் கருவாட்டைப் பொரித்து நொறுக்கி
பூண்டு, மிளகாய்த்தூளோடு புரட்டி வைத்தேன்.
ஒரே தட்டு, மூன்று கை.
சிலது தடி, சிலது மெலிசு,
ஒரு முடிச்சு மட்டும் கடைசிவரை அவிழவில்லை.
அதை அவனே தின்றான்.

நாலு லிட்டரை நான் கொட்டவில்லை.
பால்கஞ்சிபோல வெளுத்து நின்ற தண்ணீர்,
உப்பு மறந்ததால் பிழைத்த தண்ணீர்.
என் லேப் கோட்டை அதில் முக்கிப் பிழிந்து
கொடியில் போட்டேன்.
காலையில் அதற்கும் ஒரு மாவுக்கட்டு:
கை மடங்கவில்லை.

எம்.சி. ரோட்டு லேபில் எட்டு மணிக்கு
வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்
மூக்கை உறிஞ்சினார்.
"முட்டை வாசம் வருதேம்மா?"

கையை நீட்டுங்க சார், என்றேன்.