ஒற்றைப் பிரதி

"பேஸைக் குறைங்க, ஊசி துள்ளும்"
என்றார் தட்டு வெட்டும் பெங்களூர்க்காரர்.
பர்கூர் கிரானைட் பட்டறையில்
நான் பதிந்த ரம்பத்தின் உறுமல்,
அதன்மேல் திம்மராயனின் பம்பை.
இதில் எதைக் குறைக்க?
இருக்கட்டும் என்றேன்.
"காசு உங்களுது."

நான்கு நிமிடம், ஒரே பிரதி,
நாலாயிரத்து இருநூறு.
மறுபக்கம் என்ன என்று
இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.
ஒன்றும் வேண்டாம்,
வழவழவென்று விட்டுவிடுங்கள்.

ராயக்கோட்டை மேம்பாலத்தடியில்
கூரியர்ப் பையன் குலுக்கிப் பார்த்துத் தந்தான்,
பீங்கானோ என்று.

வீட்டில் ஆறுமுறை ஓட்டியும்
சமர்த்தாக இருந்த தட்டு
காவேரிப்பட்டணம் மண்டபத்தில்
இரண்டாம் நிமிடம் துள்ளியது.
விழுந்த பள்ளத்திலேயே விழுந்து
மறுபடி.
மறுபடி.
கைவைக்கப் போனேன்;
மாப்பிள்ளைத் தோழர்கள் அந்தத் துள்ளலுக்கே
காலை மாற்றிப் போட்டு ஆடுகிறார்கள்.

கையை எடுத்துக்கொண்டேன்.

ஐம்பது அறுபது தடவைதான் தாங்குமாம்,
ஒவ்வொரு ஓட்டத்திலும்
கொஞ்சம் ஊசியோடு போய்விடுமாம்.
போகட்டும்.

பாயசக் கிண்ணத்தோடு
மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று
திம்மராயன் காதில் கத்துகிறான்:
"யோவ், இந்த அடி
நான் அடிக்கலையே!"