பொடி எழுத்துச் சுரங்கள்

மூன்றாம் அடிக்கும் நான்காம் அடிக்கும் நடுவே
பதினொரு சுரங்கள்,
மற்றவற்றைவிடப் பொடியாக அச்சிட்டவை.
சர்க்கரை டப்பாவை மோப்பம் பிடித்த எறும்புகளாக
மேலேறிப் போகும்.
முடிந்தால் வாசி, இல்லையென்றால் விடு என்று
அச்சடித்தவரே சொன்ன மாதிரி.

நான் விடவில்லை.
படகு எஞ்சின் உதிரிக் கடையில் கல்லா எனக்கு.
மோல்மீன் ஆற்றங்கரைத் தெருவில் மா கின் வே,
கோயிலுக்குள் எப்சிபா.
கட்டுக் கட்டாகக் கியாட் எண்ணிய விரல்
பதினொன்றையும் எண்ணி வைத்தது.
ஒன்று குறையவில்லை.
"சுத்தமா இருந்துச்சும்மா" என்றார் போதகர்,
தரை துடைத்தவளிடம் சொல்வது போல.

பிறகு மழை.
இந்த ஊரில் மழை பெய்வதில்லை, குடியேறுகிறது.
மே மாதம் பியானோவுக்குள் படுத்தால்
அக்டோபரில்தான் எழுந்து போகும்.
கட்டை உப்பும், கம்பளி ஊறும்.
உள்ளே நாற்பது வாட் பல்பு ஒன்று கட்டியிருந்தோம்.
மின்சாரம் இருந்தால்தானே.

ஜூலை இரண்டாம் ஞாயிறு
ஆறாவது சுரத்தில் கட்டை அமுங்கியது,
ஒலிக்கவில்லை, எழவும் இல்லை.
விரல் தடுக்கி நின்றது.
இடது கை வைத்த சுரக்கூட்டு மட்டும்
பெடலின் தயவில் தொங்கிக்கொண்டிருக்க,
அந்தப் பொத்தல் வழியே கேட்டது
நாற்பது பேர் மூச்சிழுக்கும் சத்தம்.

இதன்மேலா ஓடிக்கொண்டிருந்தேன்
ஒன்பது வருடமாக?

அதில் ஒரு மூச்சு நீளம்.
மர ஆலைத் தூளுக்குப் பாதி நெஞ்சைக் கொடுத்துவிட்ட
ஏசாயாவின் மூச்சு.
பாட்டை இழுக்கிறார் என்று எல்லோரும் சொல்வார்கள்.
நானும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது
முதல் நான்கைப் பறக்கவிடுவதில்லை.
ஆறாவதில் கொஞ்சம் சாய்கிறேன்.
மேலே போகப் போகச் சத்தத்தைக் கழற்றுகிறேன்,
மாடியில் கைக்குழந்தை தூங்கும் வீட்டில்
படி ஏறுவது போல.
கடைசிச் சுரம் வளையல் அளவுதான்.
வளையல் தனக்காகவா ஒலிக்கிறது?
குழம்பை எடுத்து நீட்டப் போன கை அது.

சில ஞாயிறு ஏழே சுரம்தான் வரும்.
மீதியைக் கேட்டு யாரும் வருவதில்லை.

நவம்பரில் யாங்கோனிலிருந்து ஆள் வந்து
கட்டையைச் செதுக்கிச் சரிசெய்தார்.
ஆறாவது சுரம் இப்போது அமுங்கும், எழும், பேசும்.
அந்த இடைவெளியை மட்டும்
நான் திருப்பிக் கொடுக்கவில்லை.

வாசலில் குடை விரித்தபடி ஏசாயா
யாரிடமோ குறைப்பட்டுக்கொண்டிருந்தார்:
"பியானோக்காரப் பொண்ணு
இப்பல்லாம் ரொம்பத் தாமதிக்குது."

அன்று நான்காம் அடியை
முதலில் எடுத்தவர் அவர்தான்.