சாயல்குடி வரை

"இது பழைய படமா, புதுசா?"
வெளிச்சப் பெட்டியில் டாக்டர் மாட்டியதைப் பார்த்து
அம்மா கேட்டது அவ்வளவுதான்.
புதுசு.
முதுகெலும்பில் மூன்று, ஈரலில் சின்னதாக ஒன்று.

இரண்டு வழி சொன்னார்.
மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி, போன தடவை போட்டதேதான்.
இல்லையென்றால் தினம் மாத்திரை,
கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.
மூன்றாவது வழியைச் சொல்லவில்லை,
பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

தாளில் "இடது மார்பு, முன்பே அகற்றப்பட்டது" என்ற வரியை
முணுமுணுத்துத் தாண்டினேன்.
"மாருன்னு படிக்க என்னடா வெக்கம்,
ரெண்டு வயசு வரைக்கும் குடிச்சவந்தான?"
நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தாள்.

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கின்றன.
ஐஸ் ஏற்ற வேலையில்லாத என் வண்டியில்தான்
மதுரைக்குப் போய்த் திரும்பினோம்.
அருப்புக்கோட்டை தாண்டும்வரை
மஸ்கட்டிலிருந்து டெல்வின் ஸ்பீக்கரில் பேசினான்:
ஊசியே போடுவோம், காசைப் பார்க்காதீங்க,
வேணும்னா சென்னைக்கே கூட்டிட்டுப் போங்க.
பிறகு தூத்துக்குடியிலிருந்து புனிதா:
"மறுபடியும் அந்த ஊசியா? வேணாம்ணே."
ஆறு வருஷத்துக்கு முன்
வாந்திக்குக் கிண்ணம் ஏந்தி நின்றவள் வேண்டாம் என்கிறாள்.
அப்போது லீவு கிடைக்காமல்
போனிலேயே அழுதவன் வேண்டும் என்கிறான்.
எனக்கு வண்டி ஓட்டுகிற வேலை இருந்தது.

அம்மா ஜன்னல் பக்கம்.
கருவேலங்காட்டுக்குள் கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது.
மூக்கையூர் ஏலத்தில் முப்பது வருஷம் நின்றவள்,
மற்றவர்கள் கேட்டு முடிக்கும்வரை
வாய் திறக்க மாட்டாள்.

சாயல்குடியில் பனங்கருப்பட்டிக் கடை முன்னால்
டீ வாங்கிக் கொடுத்தேன்.
கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்:
"எனக்கு விரலு மரத்துப்போச்சே,
அது யாருக்காச்சும் ஞாபகம் இருக்கா?"

இல்லை.
முடி கொட்டியது ஞாபகம் இருந்தது.
பூசைக்கு முக்காட்டை இறுக்கிக்கொண்டு போனதும்.
இடது கை வீங்கி, வளையலை
பட்டறையில் வெட்டி எடுத்ததும்.

"மீன் வயித்தை அமுக்குனா
கல்லா பஞ்சான்னு தெரியல.
ஒரு கூடை நகரை. கெட்டுப்போனதுன்னு தெரியாம எடுத்துட்டேன்.
சந்தையில ஒருத்தி எம்மூஞ்சிக்கு நேரா மூக்கைப் பொத்துனா.
அது வரைக்கும் என்னைய யாரும் அப்படிச் செஞ்சதில்ல.
விரலு திரும்பி வர ரெண்டு வருசம் ஆச்சு."

"ஊசி போட்டா நாள் கூடும்மா."

"எத்தன?"

டீக்கடை ரேடியோவில் யாரோ உர விலை சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஃபைலை மறந்துட்டேன்னு திரும்ப உள்ள போனீல்ல,
அப்பக் கேட்டிருப்ப."

கேட்டேன்.
ஒரு எண் சொன்னார்.
வேண்டாம் என்று தள்ளுகிற அளவு சின்னதில்லை,
வா என்று இழுக்கிற அளவு பெரிதுமில்லை.
"அவரு சரியாச் சொல்லலம்மா" என்றேன்.

"செவுளை மூடிக்கிட்டு மீனு விக்கிறவன் மாதிரியே பேசுற."
அதற்குமேல் கேட்கவில்லை.

ஊருக்குள் போகாமல் நேராகக் கரைக்கு விடச் சொன்னாள்.
நாட்டுப்படகு ஒன்று அப்போதுதான் ஏறியிருந்தது.
கச்சான் காற்றில் சேலை படபடக்கக் குனிந்து
ஒரு சீலாவின் வயிற்றில்
கட்டைவிரலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
"விடியக்காலம் பட்டது. ஒரு கை குறைச்சுக் குடு."
மிக்கேல் குறைக்கவில்லை. அவளும் விடவில்லை.
நான் வண்டியில் சாய்ந்து நின்றேன்,
பத்து நிமிஷம்
அந்த எண் என் நினைவில் இல்லை.

மீனைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு வந்து சொன்னாள்:
"மாத்திரைதான். மூணு மாசம்.
அப்புறம் படம் எடுப்போம், மிச்சத்தை அப்பப் பேசுவோம்.
டெல்வின்ட்ட நீயே சொல்லிரு."

ராத்திரி ஏழு தடவை கூப்பிட்டிருந்தான்.
காலையில் பேசுகிறேன் என்று மெசேஜ் அனுப்பினேன்.
காலை நாலு மணிக்கே
ஐஸ் ஏற்றக் கிளம்பிவிட்டேன்,
யாரும் ஐஸ் கேட்டிருக்கவில்லை.